நேரில் பார்த்த சாட்சி

கோபிகிருஷ்ணன் காலையில் எத்தனை முட்டை சாப்பிடுவான் என்று யாராவது கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். எட்டு. அதில் மஞ்சள் கரு இரண்டு மட்டும். ஷூ சைஸ் பத்து. நாய்க்குட்டியின் பெயர் பூரி. இடது முழங்காலில் இருக்கும் தழும்பு, பதினான்கு வயதில் பிச்சாட்டூர் அணைக்கரையில் சைக்கிளோடு விழுந்தது. கோபம் வந்தால் மூக்கைத் தேய்ப்பான். என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, தினமும் போடுகிற பிரஷர் மாத்திரை என்ன கலர் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பெண் நான்.

கோபி கபடி ஆடுகிறவன். நாடு முழுக்க டிவியில் காட்டுகிற தொடரில் ரெய்டர், அதாவது எதிரணியின் எல்லைக்குள் தனியாகப் போய் ஆளைத் தொட்டுவிட்டுத் தப்பி வருகிறவன். அழகன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். ரெய்டுக்குக் கிளம்பும் முன் குனிந்து கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அந்த ஒரு நொடியைப் பார்க்க மூன்று சீசன் ராத்திரிச் சாப்பாட்டை ஆறவிட்டிருக்கிறேன். எல்லாம் டிவியிலும் போனிலும்தான். போட்டிகள் புனே, ஹைதராபாத் என்று எங்கெங்கோ நடக்கும். அவன் ஊருக்கு வந்த இரண்டு தடவையும் எனக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை.

என் பெயர் ஹரிதா. நகரிக்குப் பக்கத்துக் கிராமம். நைனா வெங்கடரமணனுக்குக் கரும்பும் பத்து மாமரமும் உண்டு. நான் திருப்பதியில் சுரேஷ்பாபு அண்ணனின் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் முகத்தை இரண்டு பங்கு வெளுப்பாக்கிப் பின்னால் ஒரு வானத்தை வைப்பது என் வேலை. அந்தக் கைப்பழக்கத்தில்தான் கோபிக்கு ஒரு ஃபேன் பேஜ் ஆரம்பித்தேன். மூன்று வருடத்தில் தொண்ணூறாயிரம் பேர் சேர்ந்தார்கள்.

ஒருநாள் அவனே மெசேஜ் போட்டான். “சூப்பர் எடிட் சிஸ்டர்.” அன்றைக்கு எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. அப்புறம் அவனே போட்டோக்களை அனுப்ப ஆரம்பித்தான். அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கோபி, வரப்பில் உட்கார்ந்து கூழ் குடிக்கிற கோபி. நான் அதற்குக் கீழே உருக்கமாக நாலு வரி எழுதிப் போடுவேன். சில மாதங்களில் ‘சிஸ்டர்’ போய் ‘பங்காரம்’ வந்தது. தெலுங்கில் தங்கம். எங்கள் பக்கத்தில் பால்காரர்கூடக் குழந்தைகளை அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் நான் அதைப் பால்காரர் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. மைதானத்துக்கு வெளியே கோபி எவ்வளவு நல்லவன் என்று தொண்ணூறாயிரம் பேருக்குச் சொன்னவள் நான். எனக்குச் சொன்னவன் அவன்.

போன மாசி மாதம், முதல் முகூர்த்த நாள் காலையில் ஒரு போட்டோ வந்தது. திருப்பதி பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நின்று டீ குடிக்கிறான். ‘இப்பவே போடு பங்காரம், இன்னிக்கின்னு போடு’ என்று கூடவே எழுதியிருந்தான். எங்கள் கடையிலிருந்து அந்த டீக்கடை நடந்தால் ஐந்து நிமிடம். ஓடினேன். அவன் இல்லை. கடைக்காரர் கூட்டத்தில் யாரையும் கவனிக்கவில்லை என்றார். கிளம்பிப் போயிருப்பான் என்று திரும்பி வந்துவிட்டேன். மனசு ஆறவில்லை. அதனால் இப்படி எழுதிப் போட்டேன்: ‘இன்று காலை திருப்பதியில் கோபியை நேரில் பார்த்தேன். ஒன்றாக டீ குடித்தோம். எவ்வளவு எளிமை.’

நாலாயிரம் பேர் அதற்குக் கமெண்ட் போட்டார்கள். கையைத் தொட்டாயா, என்ன வாசனை என்றெல்லாம் கேட்டார்கள். ஏன் செல்ஃபி எடுக்கவில்லை என்று ஒருத்தி கேட்டதற்கு, அவரைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை என்று பதில் போட்டேன். பொய்தான். ஆனால் யார் குடியும் கெடாத பொய் என்று நினைத்தேன்.

சித்திரை மாதம் சந்தியா வந்தாள். எனக்கு அதுவரை அவள் யாரென்றே தெரியாது. சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர், அவளும் கபடிக்காரி. அப்பா சின்னப்பன் கூலி வேலைக்குப் போகிறவர். அப்பாவும் மகளும் கோபியின் ஊருக்குப் போய் அவன் வீட்டு வாசலில் நின்றார்கள். ஒன்றரை வருடப் பழக்கம், மாசி முதல் முகூர்த்தத்தன்று காலையில் சித்தூருக்கு வெளியே ஒரு குன்றுக் கோயிலில் வைத்துத் தனக்குத் தாலி கட்டினான், இப்போது போனை எடுப்பதில்லை என்றாள் சந்தியா. கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. தாலி கட்டும்போது கூட நின்ற கோபியின் நண்பன் இப்போது தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறானாம். கோபி அந்தச் சமயம் கேம்ப்பில் இருந்தான். அந்தப் பெண் யாரென்றே தெரியாது என்று போனில் சொல்லிவிட்டான்.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி வழக்கு போலீஸுக்குப் போவதற்கு முன் காணிப்பாக்கத்துக்குப் போகும். வரசித்தி விநாயகர் கோயில் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சாமி முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் நல்லபடியாக இருந்ததாக எங்கள் ஊர்களில் ஒரு கதைகூடக் கிடையாது. கடன் பத்திரத்தில் கூசாமல் பொய்க் கையெழுத்துப் போடுகிற ஆளும் காணிப்பாக்கம் என்றால் எச்சில் விழுங்குவான். கோபியின் ஊரில் முன்னாள் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், தங்கவேலு அதைத்தான் தீர்ப்பாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் கோபி எனக்குப் போன் செய்தான். அதுவரை மெசேஜ்தான், குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. காதில் போனை வைத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போய் நின்றேன். கேம்ப்பை விட்டு வர முடியாது, விளம்பர ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகப் போகிறது, இந்தப் பேச்சு கிளம்பினால் எல்லாம் போய்விடும், அம்மா அழுகிறாள் என்றான். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான்.

“அன்னிக்கி என்னைத் திருப்பதியில பார்த்தேன்னு நீ போட்டுகீற இல்ல. அதையே அங்க வந்து சொன்னா போதும் பங்காரம்.”

“நான் பார்க்கலியே. சும்மா எழுதினேன்.”

“நான் அங்கதான் இருந்தேன். நீ பார்த்தா இன்னா, பார்க்காட்டி இன்னா? நெஜம் நெஜம்தானே? எங்கம்மா மேல ஆணை.”

தாய் மேல் ஆணையிட்டவனை எப்படிச் சந்தேகிப்பது? மூன்று வருடமாக அவன் அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவைத்திருப்பவள் நான். ‘பார்த்தேன்’ என்கிற ஒரு சொல்தான் பொய், மற்றதெல்லாம் உண்மை, அந்த ஒரு சொல்லை விநாயகர் கண்டுகொள்ளமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனுக்காக நான் ஏதோ செய்யப் போகிறேன் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

நைனாவிடம் நேரில் பார்த்தேன் என்றுதான் சொன்னேன். அவர் ஒரே ஒரு தடவை, “பார்த்தியா?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். கூடவே காணிப்பாக்கம் வந்தார். தங்கவேலுவிடம், “எம்பொண்ணு பொய் சொல்லமாட்டா” என்றார்.

நானும் சந்தியாவும் ஒரே படியில் இறங்கித்தான் குளத்தில் முழுகினோம். ஈரம் சொட்டச் சொட்ட சாமி முன்னால் நின்று, மாசி மாதம் அந்தத் தேதியில் கோபிகிருஷ்ணனைத் திருப்பதியில் என் கண்ணால் பார்த்தேன், இது சத்தியம் என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அடுத்து சந்தியா முன்னால் வந்தாள். தங்கவேலு கையை நீட்டித் தடுத்தார். “ரெண்டு பக்கமும் சத்தியம் பண்ணா ஒரு பக்கம் அழிஞ்சே தீரும். சின்னப் பொண்ணு, பொழைச்சிப் போவட்டும்” என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். வெங்கடரமணன் மகள் சொன்ன பிறகு சின்னப்பன் மகள் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அங்கே நின்ற எல்லோருக்கும் அது புரிந்தது, எனக்கும் புரிந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. சின்னப்பன் மகளின் தோளில் துண்டைப் போட்டு அழைத்துப் போனார். அவள் போகும்போது என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. என்னிடம் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

கோபி அன்று பதினோரு சிவப்பு இதயம் அனுப்பினான். எண்ணினேன். சந்தியாவை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பேஜில் யாரோ போட்டார்கள். சரியான தண்டனை என்று முந்நூறு பேர் எழுதினார்கள். நான் அதை நீக்கவில்லை.

ஆனி மாதம் கோபியை அணிக்குக் கேப்டன் ஆக்கினார்கள். இரண்டு நாள் ஊருக்கு வருகிறான் என்றதும் புத்தூர் கூட்டுரோட்டில் இருபதுக்குப் பத்து அடியில் வரவேற்பு பேனர் வைக்க வேண்டும் என்று பேஜ் ஆட்கள் முடிவு செய்தார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, அந்த டீக்கடைப் போட்டோதான். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த படம் அவ்வளவு பெரிசுக்குத் தாங்காது, முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். படத்தை எடுத்த அவன் நண்பன் ஒருவனைத் தேடிப் பிடித்து ஒரிஜினலைக் கேட்டேன். அவன் ஒரு யோசனையும் இல்லாமல் அனுப்பிவிட்டான்.

பெரிய பேனர் என்றால் அச்சுக்கு அனுப்பும் முன் படத்தை முழு அளவுக்கு விரித்து ஓரம் ஓரமாகப் பார்க்க வேண்டும். பின்னால் யாராவது மூக்கு நோண்டிக்கொண்டிருந்தாலும் இருபது அடியில் தெரியும். அப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கோபியின் வலது தோளுக்குப் பின்னால், டீக்கடைக் கம்பத்தில், போனில் வெறும் மஞ்சள் கறையாகத் தெரிந்த ஒன்று விரிந்தது. ஒரு பேனரின் பாதி. மல்லிகைச் சரம் போட்ட ஓரம், நடுவில் ஒரு சின்னப் பெண்ணின் முகம், நீலம் பாய்ந்த முகம்.

கோதை. கார்த்திகை மாதம் அவளுக்குக் காதுகுத்து. டிசைன் நான்தான் செய்தேன். மெஷினில் இங்க் சரியில்லாமல் குழந்தையின் முகம் நீலமாக விழுந்துவிட்டது. காலையில் கட்டிய பேனரை அன்று மாலையே அவிழ்த்துக்கொண்டு வந்து, எங்கள் குழந்தை தண்ணீரில் முங்கின மாதிரி இருக்கிறது என்று அவள் தாத்தா ஒரே சண்டை. சுரேஷ்பாபு அண்ணன் வேறொன்று அச்சடித்துக் கொடுத்து, இதை வாங்கி ஜெனரேட்டருக்குப் போர்த்திவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் ஜெனரேட்டர் மேலிருந்து கோதை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த பேனர் அந்தக் கம்பத்தில் இருந்தது ஒரே ஒரு பகல். கார்த்திகையில். மாசிக்கு மூன்று மாதம் முன்னால். ஃபைலில் இருந்த தேதியும் அதையே சொன்னது. எனக்கு அந்தத் தேதி தேவைப்படவில்லை.

முதலில் சாமி ஞாபகம் வரவில்லை, சந்தியா ஞாபகமும் வரவில்லை. அந்த முகூர்த்த நாள் காலையில் நான் டீக்கடைக்கு ஓடியதுதான் ஞாபகம் வந்தது. நான் இங்கே அவனைத் தேடிக்கொண்டு நின்ற நேரத்தில் அவன் அங்கே தாலி கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அதற்கு மறைப்பாக என்னை இங்கே நிறுத்திவைத்திருக்கிறான். அழுதேன். சுரேஷ்பாபு அண்ணன் பயந்துபோய் ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

போன் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தான். போட்டோ கார்த்திகையில் எடுத்தது என்று தெரிந்துவிட்டது என்றேன். சிரித்தான். ஆமாம், கட்டினேன், ஏதோ ஒரு வேகத்தில் கட்டிவிட்டேன், வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அவள் ஆட்கள் வேறு நாங்கள் வேறு, அதெல்லாம் உனக்குத் தெரியாதா என்றான். தெரிந்தவளிடம் பேசுகிற மாதிரியே சகஜமாகச் சொன்னான். அதைவிடக் கேவலமாக என்னிடம் யாரும் பேசியதில்லை.

“அப்ப நீங்களே வந்து சத்தியம் பண்ணியிருக்கலாமே. ஒருநாள் லீவு குடுத்திருக்கமாட்டாங்களா?”

“குடுத்திருப்பாங்க. காணிப்பாக்கத்துல போயி நான் எப்பிடி பொய் சத்தியம் பண்றது? சீசன் வர்ற நேரம். முட்டி போச்சின்னா?”

“எனக்கு ஏதாச்சும் ஆனா?”

“நீ இன்னா கபடியா ஆடற?” என்றான்.

அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறான். அவனுக்கும் பயம் இருந்தது, பக்தியும் இருந்தது. அந்தச் சாமி முன்னால் நிற்கக்கூடாது என்று தெரிந்த இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கிறான். மூன்று வருடமாக நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட அந்த இடது முழங்காலுக்குப் பதிலாக நான்.

மறுநாள் சித்தூர் போனேன். மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் சந்தியா சீசன் வேலைக்குப் போகிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மதிய ஷிப்டு விட்டு வெளியே வந்தாள். மாங்காய்ப் பால் பட்டு விரல்களெல்லாம் வெந்திருந்தன. கழுத்தில் கயிறு இல்லை. என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். போனில் அந்தப் போட்டோவை விரித்துக் காட்டினேன். அவள் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவளுக்கு எதற்கு அத்தாட்சி.

“எத்தினி நாளா அவன்கூட கீற?” என்று கேட்டாள்.

அவன்கூட இல்லை, நான் ஃபேன், பேஜ் நடத்துகிறேன் என்றேன். சிரித்துவிட்டாள்.

“கொளத்துல முழுகி ஒருத்தனுக்காக பொய் சொன்னவ, ஒண்ணும் இல்லாமயா சொல்லுவா? ரெண்டு மாசமா உன்னியேதான் நெனச்சிக்கினு கீறேன். சேப்பா கீறா, நெலம் கீது, அதான் என்னை வுட்டுட்டு இவகிட்ட போயிட்டான்னு.”

“நான் அவரை நேர்ல பார்த்ததே இல்ல.”

“அதையும் அங்கியே வந்து சொல்லு” என்றாள். “அவன் எனக்கு வேணாம். எம்பேரை நீ எடுத்த எடத்துலயே குடுத்துடு.”

நைனாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “நான் உன் பக்கத்துல நின்னேனேம்மா” என்று மட்டும் சொன்னார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு தங்கவேலுவைப் பார்க்கப் போனார். முடிந்துபோன விஷயம், பையன் கேப்டனாகி ஊருக்கு வருகிற நேரத்தில் எதற்கு இதெல்லாம் என்று அவர் வர மறுத்துவிட்டார். நாலு பேர்தான் போனோம். நான், நைனா, சந்தியா, சின்னப்பன். பஸ்ஸில் நைனா எழுந்துபோய் சின்னப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குளத்துப் படியில் உட்கார்ந்து பேஜில் கடைசிப் பதிவைப் போட்டேன். கோதையின் பேனர் தெரிகிற படம், பக்கத்தில் ஜெனரேட்டர் மேல் இருக்கிற அதே பேனர். நான் பொய்ச் சத்தியம் செய்தேன், சந்தியா சொன்னது உண்மை, கோபியே என்னிடம் ஒத்துக்கொண்டான் என்று எழுதினேன். ஒரு நிமிடத்தில் திட்டு ஆரம்பித்தது. எவ்வளவு வாங்கினாய் என்றார்கள். என்னை அக்கா என்று கூப்பிட்டவர்களே வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். போன மாதம் இதை வேறு யாராவது போட்டிருந்தால் முதல் ஆளாக நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். போனை நிறுத்தி நைனாவிடம் கொடுத்துவிட்டுக் குளத்தில் இறங்கினேன்.

இந்தத் தடவை குரல் நடுங்கியது. “மாசி மாசம் அந்தத் தேதியில நான் கோபிகிருஷ்ணனைப் பார்க்கல. அன்னிக்கின்னு இல்ல, என்னைக்குமே நேர்ல பார்த்ததில்ல. முன்ன சொன்னது பொய். இதுதான் சத்தியம்.” தரிசன வரிசையில் நின்ற யாரோ திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு என்ன ஆக வேண்டுமோ ஆகட்டும் என்று நகர்ந்து இடம் விட்டேன்.

சந்தியா வந்து நின்றாள். தடுக்க ஆளில்லை. தன் பெயர், அப்பன் பெயர், ஊர், தேதி, கோயில், தாலி கட்டியவன் பெயர் என்று ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், சத்தமாகச் சொல்லி முடித்தாள். சின்னப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வெளியே வந்து இருவரும் குளத்துப் படியில் துணியைப் பிழிந்தோம். அவள் துப்பட்டாவைப் பிழிந்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நெஜமாவே பார்த்ததில்லியா? ஒரு தபாகூட?”

“இல்ல.”

“நானாச்சும் ஒண்ணரை வருசம் பார்த்தேன்” என்றாள். அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு சித்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.